இஸ்திரி போட்ட ஜெர்சி

செங்கல்பட்டிலிருந்து காலையில் கிளம்பும் மின்சார ரயிலில் எப்படியும் ஒருவனாவது பத்தாம் நம்பர் ஜெர்சி போட்டுக்கொண்டு ஏறுவான். மஞ்சள், கருநீலம், வெள்ளையில் நீலக் கோடு, ஏதோ ஒன்று. கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகை எங்களுக்குக் காட்டியபடி நிற்பான். மற்றவர்கள் அது எந்த நாட்டுச் சட்டை என்று பார்ப்பார்கள். நான் அந்தப் பத்தில் இருக்கும் பூஜ்யத்தைப் பார்ப்பேன். ஓரம் தூக்கியிருக்கிறதா, வெடிப்பு விட்டிருக்கிறதா, இன்னும் எத்தனை துவைப்புக்குத் தாங்கும் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். அசலா நகலா என்பதைக் கண்டுபிடிக்க எனக்குச் சட்டையைத் தொட்டுப் பார்க்கக்கூடத் தேவையில்லை. இத்தனை வருஷத்தில் அந்த ரயிலில் நான் ஒரு அசலையும் பார்க்கவில்லை.

இதை இளக்காரமாகச் சொல்லவில்லை. நானும் நகல் ஜெர்சி போட்டு வளர்ந்தவள்தான். என்ன, என் ஜெர்சியில் அந்தப் பூஜ்யம் மட்டும் இல்லை. அதை எங்கள் அப்பா எடுத்துவிட்டார்.

எங்கள் வீடு அப்போது புதுப்பட்டினத்தில் இருந்தது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குக் கல்பாக்கத்தில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் குழாய்களுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை. வேலை செய்யும் இடத்தில் போட்டுக்கொள்ள நீலச் சட்டையை அவர்களே கொடுத்துவிடுவார்கள். ஆனாலும் வீட்டிலிருந்து அந்த இடம் வரைக்கும் போக, இஸ்திரி போட்ட வெள்ளை முழுக்கைச் சட்டை வேண்டும். அங்கே போய் அதைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு நீலச் சட்டை மாட்டுவார். சாயங்காலம் மறுபடியும் வெள்ளை. நைனா தெருவில் நடந்தால் எதிர்வீட்டுக்காரர், "கலெக்டரு கெளம்பிட்டாருப்பா" என்பார். நைனா அதற்கு ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. கலெக்டர் மாதிரியே தலையை லேசாக ஆட்டிவிட்டுப் போவார்.

எங்கள் வீட்டுக்கு மிக்ஸி வருவதற்கு முன்பே இஸ்திரிப் பெட்டி வந்துவிட்டது. அம்மாவுக்கு அதில் தீராத வருத்தம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நைனா தரையில் போர்வையை மடித்து விரித்து உட்கார்ந்தால் வீட்டில் எந்தத் துணியும் தப்பாது. என் பள்ளிச் சீருடை, ரிப்பன், கைக்குட்டை, தலையணை உறை, அவருடைய லுங்கி எல்லாவற்றுக்கும் இஸ்திரி. ஒருமுறை அம்மாவின் நைட்டியையும் இழுத்து வைத்துக்கொண்டார். "அடுப்புல வேவுறவளுக்கு இஸ்திரி ஒரு கேடா" என்று அம்மா பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இஸ்திரி போடாமல் எதுவும் வாசலைத் தாண்டக்கூடாது என்பது முதல் சட்டம். போட்டது கசங்கக்கூடாது என்பது இரண்டாவது. இந்த இரண்டாவதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. பஸ்ஸில் சீட்டு கிடைத்தாலும் சாய மாட்டேன். பெஞ்சில் உட்காரும்போது பாவாடையை இரண்டு பக்கமும் நீவி விட்டுத்தான் உட்காருவேன். "முதுகுல கம்பி வச்சித் தச்சிருக்காங்களாடி உனக்கு?" என்று கணக்கு டீச்சர் கேட்டார். வகுப்பே சிரித்தது. நான் நிமிர்ந்தபடியே அவர்கள் சிரித்து முடிக்கட்டும் என்று இருந்தேன்.

நைனாவுக்கு ஏன் இந்தப் பித்து என்று எனக்கு வெகுநாள் தெரியாது. ஒரே ஒரு முறைதான் சொன்னார், அதுவும் நான் ஈரச் சீருடையோடு பள்ளிக்குக் கிளம்பி அடம் பிடித்த அன்று. மதுராந்தகம் ஏரித் தண்ணீர் பாயும் ஒரு ஊரில் எங்கள் தாத்தா மற்றவர்கள் நிலத்தில் கூலி வேலை செய்தவர். கூலி நெல் வாங்க நிலக்காரர்கள் தெருவுக்குப் போனால் தோளில் கிடக்கும் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். சட்டை போடுவது என்ற பேச்சே கிடையாது. நைனா பள்ளிக்கூடத்தில் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருநாள் அந்தத் தெரு வழியாக நடந்திருக்கிறார். ஒருவர் நிறுத்தி, "கழட்டிக் கக்கத்துல வச்சிகினு போடா" என்றாராம். நைனா கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். இதைச் சொல்லிவிட்டு, என் ஈரச் சீருடையை வாங்கி இஸ்திரிப் பெட்டியாலேயே காய வைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு இஸ்திரி விஷயத்தில் நான் அவரோடு வாயாடியதில்லை.

இனி பந்தாட்டத்துக்கு வருகிறேன்.

எங்கள் காலனிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சவுக்குத் தோப்பு. அதை ஒட்டி மணலும் செம்மண்ணும் கலந்த காலி இடம். அங்கே காலனிப் பையன்கள் தினமும் கால்பந்து ஆடுவார்கள். பன்னிரண்டு வயசில் அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். என்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி யாரிடமும் கெஞ்சவில்லை. வெளியே வந்து விழுந்த பந்தை எடுத்துத் தராமல், அப்படியே காலால் தட்டிக்கொண்டு போய் கோல் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து முன்வரிசையில் ஆடினேன். நன்றாகவும் ஆடினேன். என் ஆட்டத்தைப் பற்றி எனக்கு அன்றைக்கும் சந்தேகம் இருந்ததில்லை, இன்றைக்கும் இல்லை.

அந்த வருஷம் உலகக் கோப்பை நடந்தது. புதுப்பட்டினம் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த பாய், நைட்டிகளைத் தொங்கவிடும் கம்பியில் ஜெர்சிகளைத் தொங்கவிட்டார். எல்லாம் பிரேசில் மஞ்சளும் அர்ஜென்டினா நீலமும்தான். எல்லாவற்றின் முதுகிலும் பத்து. வேறு நம்பர் இல்லையா என்று கேட்டால், "மத்த நம்பர எவன் வாங்குவான்? கோல் போடறவன் பத்துதான்" என்பார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த சீசன் முடிவதற்குள் எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லோரும் பத்தாம் நம்பர் ஆகிவிட்டார்கள்.

உலகக் கோப்பை முடிந்து ஜெர்சிகள் வெளுத்துப்போன பிறகு பொங்கல் வந்தது. காணும் பொங்கல் அன்று மாமல்லபுரம் கடற்கரையே ஜனக்கடலாக இருக்கும். அந்தக் கூட்டத்துக்குத் தெற்கே தள்ளி ஒரு மைதானத்தில், டீமுக்கு ஏழு பேர் வைத்து ஆடும் ஒரு போட்டிக்கு எங்கள் காலனியைக் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் கேப்டன் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன். எனக்குப் பந்து கொடுக்கும்போதெல்லாம் ஏதோ தானம் பண்ணுகிற மாதிரி கொடுப்பான். அவன் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னான்.

"மஞ்ச ஜெர்சி வச்சிகினு கீறவன் ஆடுவான். இல்லாதவன் ஓரமா நின்னு கை தட்டுவான். அவ்ளோதான்."

சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவே இல்லை. எனக்காகத்தான் சொல்கிறான் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. என்னிடம் ஜெர்சி இல்லை என்பது ஊருக்கே தெரியும். அத்தனை ஜனத்துக்கு முன்னால் ஒரு பெண் பிள்ளையை இறக்கி ஆட அவனுக்கு வெட்கம். நேராகச் சொல்லத் தைரியம் இல்லாமல் சட்டை மேல் பழியைப் போட்டுவிட்டான்.

"மஞ்ச ஜெர்சி போட்டுகினு வந்தா ஆட வுடுவியா?" என்று கேட்டேன்.

"வந்தா ஆடு" என்றான்.

எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். எனக்கு அது போதும். அந்தப் போட்டியில் நான் ஆடியே தீர வேண்டும். ஓரமாக நின்று கை தட்டுவதற்கு என் கை பிறக்கவில்லை.

வீட்டுக்குப் போய் நைனாவிடம் கேட்டேன். பொங்கலுக்கு எனக்குப் பாவாடை சட்டை வேண்டாம், ஜெர்சிதான் வேண்டும் என்றேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காலரு கீதா அதுல?" என்றார்.

"காலர் இல்ல நைனா. கழுத்து வட்டமா இருக்கும்."

"அப்போ பனியனு."

"பனியன் இல்ல. ஜெர்சி."

"அவ்ளோ ஜனத்துக்கு முன்னாடி பனியன் போட்டுகினு போவியா பாப்பா?" அவர் கிண்டல் பண்ணவில்லை. உண்மையிலேயே பயந்தார். உலகக் கோப்பையில் ஆடுகிறவர்களே அதைத்தான் போடுகிறார்கள் என்றேன். "அவுங்க போடலாம்" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து, "கொயந்த ஆசப்படுது, வாங்கிக் குடுப்பியா, சட்டம் பேசிகினு கீற" என்று எனக்காகப் பேசினாள்.

பாய் கடையில் மஞ்சள் தீர்ந்துபோயிருந்தது. நைனா செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினார். ஸ்டேஷன் பக்கம் இருக்கும் கடைகள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி, காலர் வைத்த ஒரு மஞ்சள் ஜெர்சியைக் கண்டுபிடித்துவிட்டார். பச்சைக் காலர். அப்படி ஒன்று இருக்கும் என்று எனக்கே தெரியாது. முதுகில் பச்சையில் பத்து. வளர்கிற பிள்ளை என்று இரண்டு அளவு பெரியதாக எடுத்திருந்தார். போட்டுப் பார்த்தால் முட்டிக்கு வந்தது, உள்ளே இன்னொருத்தி நுழையலாம். நான் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கழுத்து வலிக்கிற வரைக்கும் அந்தப் பத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

காணும் பொங்கல் அன்று காலையில் நான் குளித்துவிட்டு வந்தபோது நைனா போர்வையை விரித்து உட்கார்ந்திருந்தார். அவருடைய வெள்ளைச் சட்டையை முடித்து மடித்து வைத்திருந்தார். கையில் என் ஜெர்சி. பருத்திச் சட்டைக்கு வைத்த அதே சூடு. "நைனா, அதுக்குத் தேவையில்ல" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. அவர் பெட்டியைத் தூக்கினார். பூஜ்யம் பெட்டியோடு போய்விட்டது.

நைனா பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். அடித்தட்டில் பூஜ்யம் பச்சையாக உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. ஜெர்சியில் ஒன்று மட்டும் தனியாக நின்றது, பக்கத்தில் மங்கலாக ஒரு வட்டத் தடம். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது. வாயைத் திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. நைனாவின் முகத்தைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

அம்மாதான் ஜெர்சியை வாங்கித் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "இன்னா இப்ப? பரீட்சையில ஒண்ணாவதா வா, ஒண்ணாவதா வான்னுதான சொல்லிகினு கீறோம். வந்துட்டா" என்று சொல்லிவிட்டு இட்லித் தட்டை எடுக்கப் போய்விட்டாள். நைனா ஒரு காகிதத்தில் உப்பைக் கொட்டிப் பெட்டியை அதன் மேல் தேய்த்துக்கொண்டே இருந்தார். அது எளிதில் போகவில்லை.

நானும் நைனாவும் மாமல்லபுரம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். மைதானத்தில் கோல் கம்பத்துக்குச் சவுக்குக் கட்டை நட்டு, பழைய மீன் வலையைப் பின்னால் கட்டியிருந்தார்கள். எதிர் டீம் பையன்கள் நீலம் வெள்ளையில் நின்றார்கள். அவர்கள் முதுகிலும் பத்து, எல்லோருக்கும் பத்து. எந்தக் கடையில் வாங்கினார்களோ, அந்தக் கடைக்காரரும் பாய் சொன்ன பதிலைத்தான் சொல்லியிருப்பார்.

கேப்டன் என் முதுகைப் பார்த்தான். "இன்னா இது, பாதி நம்பரு?" என்றான். "இத்த போட்டுகினு எறங்குனா நம்ம டீம் மானம் இன்னாத்துக்கு ஆவுறது? நீ அடுத்த தபா ஆடு."

"மஞ்ச ஜெர்சி போட்டுகினு வந்தா ஆடுன்னு சொன்ன. நம்பரப் பத்தி நீ பேசவே இல்ல" என்றேன். "இதுல காலர் வேற கீது. ஒன்னுதுல கீதா?"

அதற்குள் ரெஃப்ரி விசில் ஊதிக்கொண்டு வந்தார். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் பி.டி. சார் அவர், வெள்ளைத் தொப்பி. இரண்டு டீமையும் வரிசையாகத் திரும்பி நிற்கச் சொல்லி முதுகுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார். "எல்லாருமே பத்தா? அப்புறம் கோலுக்கு யாரு நிப்பீங்க?" என்றார்.

பத்தாம் நம்பரைப் போட்டுக்கொண்டு எவன் போய் கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்பான்? தோப்பு மைதானத்தில் எங்களுக்குள் ஆடும்போது அந்த இடத்துக்கு முறை வைத்து அழுதுகொண்டே போவார்கள். இன்றைக்கு ஊர் பார்க்கும்போது ஒருத்தனுக்கும் மனசு வரவில்லை. ரெஃப்ரி என் முதுகுக்கு வந்ததும் நின்றார்.

"இதோ இருக்கே ஒண்ணு. ஒண்ணாம் நம்பருதான் கோல்கீப்பரு. ஒழுங்கா கூட்டினு வந்தது நீங்கதான்" என்றார்.

கேப்டனின் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்கவில்லை. என்னைப் போ என்று சொன்னால் அவனே கோலில் நிற்க வேண்டும். "ஆமா சார். அதான் கோலி" என்றான். எனக்கும் முழுச் சந்தோஷம் இல்லை. நான் கோல் போடுகிறவள். ஆனால் ஓரமாக நின்று கை தட்டுவதைவிட நடுவில் நின்று பந்தைத் தட்டுவது எவ்வளவோ மேல். போய் நின்றேன். நைனா வலைக்குப் பின்னால், என் நேர் முதுகுப் பக்கம் வந்து நின்றுகொண்டார். மணலில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை.

ஆட்டம் தொடங்கியதும் எங்கள் பத்துகள் எல்லோரும் முன்னால் ஓடிவிட்டார்கள். பந்து வந்தது. முதல் பந்து என் வயிற்றில் பட்டு, அந்தப் பெரிய ஜெர்சியின் மடிப்புக்குள் சுருண்டு நின்றுவிட்டது. ஜனம் சிரித்தது, கை தட்டவும் தட்டியது. இரண்டாவது பந்து என் இடது பக்கம் தரையை ஒட்டி வந்தது. விழுந்தால் எட்டிவிடும். எட்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நான் விழவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு தரையில் விழுவது எப்படி என்று இந்த உடம்புக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததே இல்லை. முதுகு நிமிர்ந்தபடி நின்றேன். பந்து போய் வலையில் விழுந்தது.

கேப்டன் தலையில் கை வைத்துக்கொண்டான். "கம்பமாட்டம் நிக்கிறா பாரு" என்று யாரோ சொன்னார்கள். குனிந்து சட்டையை நீவி விட்டேன். அப்போதும் அதைத்தான் செய்தேன்.

வலைக்குப் பின்னாலிருந்து நைனாவின் குரல் வந்தது. அவர் கத்தி நான் கேட்டதே இல்லை.

"பாப்பா, உழுந்து புடி. சட்ட போனா போவுது."

திரும்பிப் பார்த்தேன். மீன் வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். "உழு, நான் பாத்துக்கறேன்" என்றார், இந்தத் தடவை மெதுவாக.

அதற்கப்புறம் நான் எத்தனை முறை விழுந்தேன் என்பதற்குக் கணக்கில்லை. இடது பக்கம், வலது பக்கம், காலுக்கு நடுவில், எல்லாப் பக்கமும் விழுந்தேன். வாயெல்லாம் மணல். விழுவது இவ்வளவு சுகமான காரியம் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. எங்கள் பத்துகளில் ஒருவன் எப்படியோ ஒரு கோல் போட்டுச் சமன் செய்தான். கடைசியில் எதிர் டீமின் உயரமான பையன் ஒருவன் தனியாகப் பந்தைத் தட்டிக்கொண்டு வந்தான். நான் அவன் காலடியில் போய் விழுந்தேன். பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவன் என்னைத் தாண்டிக் குப்புற விழுந்தான். விசில் ஊதியபோது பந்து என் நெஞ்சில்தான் இருந்தது.

ஆட்டம் சமன். வெற்றியைக் காசு சுண்டி முடிவு பண்ணினார்கள். கேப்டன் தலை கேட்டான், பூ விழுந்தது. தோற்றோம். அதில் என் தப்பு ஒன்றுமில்லை. என்னை யாராவது சுண்டச் சொல்லியிருந்தால் ஜெயித்திருப்போம்.

எழுந்து நின்றபோதுதான் தெரிந்தது, கடைசியாக விழுந்ததில் ஜெர்சியின் பக்கவாட்டுத் தையல் அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும் பிரிந்து தொங்கியது. நகல் ஜெர்சியின் நூல் அவ்வளவுதான் தாங்கும். சுற்றிலும் ஜனம். நான் கையால் பொத்திக்கொண்டு நைனாவைத் தேடினேன். அவர் அதற்குள் வலையைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். வந்துகொண்டிருக்கும்போதே சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டார். அந்த வெள்ளைச் சட்டையை ஜெர்சிக்கு மேலேயே எனக்கு மாட்டி, கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுவிட்டார். இஸ்திரிச் சூடும் அவருடைய வேர்வையும் சேர்ந்து மணத்தது. என் மணலெல்லாம் அதில் ஒட்டியது.

பிறகு நாங்கள் பஸ் நிலையத்துக்கு நடந்தோம். காணும் பொங்கல் கூட்டம், நகரவே இடமில்லை. புதுத்துணி போட்ட குடும்பங்கள், பலூன்காரர்கள், போலீஸ்காரர்கள். அத்தனை பேருக்கும் நடுவில் நைனா கை வைத்த பனியனோடு, எனக்கு முன்னால் வழி விலக்கிக்கொண்டு நடந்தார். வாழ்நாளில் இஸ்திரி போட்ட சட்டை இல்லாமல் வாசலைத் தாண்டாத மனிதர். அவர் தெருவில் அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு மனசு தாங்கவில்லை. எங்கள் காலனி ஆட்கள் வேறு எதிரே வந்தார்கள். ஒருவர் நின்று அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்.

"நைனா, சட்டய போட்டுக்க. நான் துண்டு வாங்கி போத்திக்கறேன்" என்றேன். "எல்லாரும் பாக்கறாங்க. ஒனக்கு ஒரு மாதிரியா இல்லியா?"

அவர் நின்று திரும்பினார். நான் போட்டிருந்த சட்டையின் காலர் மடங்கியிருந்தது. அதை எடுத்து நேராக்கிவிட்டார்.

"அன்னிக்கு அவுங்க கழட்ட சொல்லி கழட்டுனேன் பாப்பா" என்றார். "இன்னிக்கு நானா கழட்டுனேன். எனக்கு இன்னா?"

சொல்லிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார். நானும் பின்னாலேயே நடந்தேன், விரல்களைத் தாண்டித் தொங்கும் அந்தச் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொள்ளாமல்.